ஒரு கப் பொரியல் எத்தனை கிராம்?

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் காய் என்றால் எடைதான். தராசில் ஏறாத மூட்டை கேரளா லாரியில் ஏறாது. அதே காய் திண்டுக்கல் வீடுகளில் வெந்து தட்டுக்கு வந்ததும் ‘ஒரு கப்’, ‘ரெண்டு கரண்டி’ ஆகிவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உணவு அட்டவணையோ பெரும்பாலும் கிராமில்தான் வருகிறது. கரண்டியைக் கிராமாக மாற்றும் இடத்தில்தான் தவறு நுழைகிறது.

நம்பிக்கை: எந்தக் காயானாலும் ஒரு கப் என்றால் 200 கிராம்.

200 மில்லி 200 கிராம் ஆவது தண்ணீருக்குத்தான். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையைப் பாருங்கள். சுமார் 240 மில்லி பிடிக்கும் கப்பில், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 245 கிராம் நிற்கிறது. வெந்த கத்தரிக்காய்த் துண்டுகள் 99 கிராம்தான். கீரையில் வித்தியாசம் இன்னும் பெரிது: வேகவைத்து வடித்த பாலக் 180 கிராம், முருங்கைக்கீரை வெறும் 42. ‘தினமும் ஒரு கப் கீரை’ என்று சொன்னால் எந்தக் கீரை என்று கேட்டே ஆக வேண்டும். மசிப்பதா, நறுக்குவதா, கப்பில் அமுக்குவதா என்பதைப் பொறுத்தும் இந்த எண்கள் மாறும்.

நம்பிக்கை: வெந்தால் காய் பாதியாகும், எடையும் பாதியாகும்.

சட்டி நிறையப் போட்ட கீரை அடியில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் பிறந்த எண்ணம் இது. சுருங்குவது முக்கியமாக இடம்; இலைகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அதே அட்டவணையில், நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ் ஒரு கப்புக்கு 89 கிராம், வெந்தது 150 கிராம். எடை குறைவது தண்ணீர் ஆவியாகும் அளவுக்குத்தான். திறந்த வாணலியில் நெடுநேரம் வதக்கினால் நன்றாகவே குறையும்; மூடி போட்டு வேகவைத்த கேரட்டிலும் பீன்ஸிலும் பெரிய மாற்றம் இருக்காது. பச்சை எடையைக் கண்டுபிடிக்க வெந்த எடையை இரண்டால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள் வீட்டில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதைக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். எடை அப்படியே இருந்தாலும் காய் அதே காய் அல்ல. அளவை முடிவு செய்யும்போது சமைக்கும் முறையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: ஒரு நாளைக்கு 400 கிராம் காய் என்றால் 400 கிராம் பொரியல்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள 400 கிராம் சமைக்காத காயின் எடை. பொரியலில் தேங்காய், பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றையும் காய்க்கணக்கில் எழுதுவது நோயாளிக்கு நல்லதல்ல.

பின் எப்படித்தான் கணக்கிடுவது? அமெரிக்க அட்டவணையை நம்புவதைவிட உங்கள் அடுப்பையே நம்பலாம். சமையலறை மின்தராசு ஒன்று போதும். நறுக்கிய பச்சைக்காயை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும், பாத்திரத்தின் எடையைக் கழித்து மொத்தப் பொரியலையும் நிறுத்துவிடுங்கள். உதாரணமாக 500 கிராம் பீன்ஸ் தேங்காயோடு 550 கிராம் பொரியல் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 110 கிராம் வைத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 100 கிராம் பச்சை பீன்ஸ். அந்த 110 கிராம் உங்கள் வீட்டுக் கரண்டியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டால், அதே பக்குவத்தில் செய்யும்வரை தராசை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. காயோ பக்குவமோ மாறினால் மட்டும் புதிதாக நிறுக்க வேண்டும்.

நம் ஊர் முருங்கைக்காய் இந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்காது. மென்று துப்பும் சக்கையும் தராசில் ஏறுகிறது. சாப்பிட்டு முடித்தபின் சக்கையை நிறுத்துக் கழித்தால்தான் உள்ளே போன எடை தெரியும்.