இல்லறத்தார் இல்லத்தில் துப்பாக்கி தகுமா?

பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்றிருந்த தந்தையார் மறைந்துவிட்டார். அவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கின்றது. அதனை மூத்த மகன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா, விட்டுவிடுவதா என்று நம் சமுதாயத்து உழவர் குடும்பம் ஒன்று நம்மை வினவியது. உடன்பிறந்தாரிடையே கருத்து வேறுபாடு. காட்டுப்பன்றி வேர்க்கடலைக் கொல்லையை ஓரிரவில் உழுதுவிட்டுப் போகும் இடத்தில் வாழ்வோர்க்கு இது வெறும் வாதப் பொருள் அன்று. ஆகவே சற்று விரிவாகவே ஆராய முற்படுகின்றோம்.

இதில் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. தனி மனிதர் துப்பாக்கி வைத்திருக்க அரசு இசையலாமா என்பது ஒன்று. இசைந்தாலும் சிராவகர் வைத்திருக்கலாமா என்பது மற்றொன்று.

முதல் வினாவுக்கு உலகம் ஒரே விடை கூறவில்லை. அமெரிக்க நாட்டில் 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் படைக்கலம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்றது. அது தனி மனிதருக்கே உரிய உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் ஆங்கிலேயரால் இயற்றப்பட்டது. ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்குக் கட்டுப்பாடுமாக அது நடத்தப்பட்டமை அநீதியே. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கிற்று, கட்டுப்பாட்டை நீக்கவில்லை. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. ஆக, இங்கே துப்பாக்கி உரிமை அன்று. உரிமத்தால் வரும் இசைவு மட்டுமே. இந்நிலையே நன்று என்பது நம் கருத்து. காரணம், இரண்டாம் வினாவை ஆராயும்போது தானே விளங்கும்.

இம்சையை ஆரம்ப இம்சை, தொழில் இம்சை, விரோத இம்சை, சங்கற்ப இம்சை என நான்காகப் பகுத்துரைப்பர் ஆன்றோர். அடுப்பு மூட்டுவதிலும் ஏர் உழுவதிலும் நேரும் உயிர்க்கேட்டை இல்லறத்தார் முற்றும் தவிர்த்தல் இயலாது. தாக்க வருவோரைத் தடுப்பதில் நேர்வதும் அவ்வாறே. கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்லும் சங்கற்ப இம்சையோ அணுவிரதம் ஏற்றார்க்கு அறவே கூடாது. துப்பாக்கியை விரும்புவோர் இவற்றுள் மூன்றாவதைச் சுட்டிக்காட்டி, "கள்வர் வந்தால் விரோத இம்சைதானே?" என்பர். சாமுண்டராயர் படைத்தலைவராக இருந்தவர் அன்றோ என்றும் கேட்பர்.

இருந்தவர்தாம். ஆயினும் அவர் போர்க்களத்தில் நின்றது அரசின் படையில், அரசனுக்குரிய காவற்கடமையின் பொருட்டு. அதனைத் தன் வீட்டுப் பேழையில் துப்பாக்கி வைத்துப் பூட்டும் தனி மனிதர் தமக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அப்படைத்தலைவர் பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகுளத்தில் எழுப்பிய திருவுருவம் யாருடையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரதரும் பாகுபலியும் எதிர்நின்றபோது, படைகள் அழிய வேண்டா என்று அமைச்சர்கள் இடைபுகுந்தனர். கண்போர், நீர்ப்போர், மற்போர் என ஆயுதமில்லாத மூன்று போர்களுக்கு இருவரும் உடன்பட்டனர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். தோற்ற வெட்கத்தில் பரதர் செய்தது யாது? சக்கராயுதத்தை நினைத்தார், அது வந்தது, தம்பியின்மேல் ஏவினார். ஆயுதம் வேண்டா என்று சற்று முன்னர் ஒப்பியவர், பின்னாளில் கேவலஞானம் எய்திய பெரியவர், அவரே அந்த ஒரு கணத்தில் ஏவினார். நினைத்த மாத்திரத்தில் கைக்கு வரும் கருவி அவரிடம் இருந்தமையே காரணம். பாகுபலியை அச்சக்கரம் வலம் வந்து ஊறு செய்யாது நின்றது. இக்காலத்துக் குண்டு யாரையும் வலம் வருவதில்லை.

வீட்டுத் துப்பாக்கியின் குறை இதுவே. கள்வர் என்றோ ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். சினமும் குடிவெறியும் பங்காளிப் பூசலும் மனச்சோர்வும் வீட்டுக்குள்ளேயே உள்ளன. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஆண்டுதோறும் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் பிறரால் சுடப்பட்டவர் அல்லர்; தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர். பகைவனுக்கென வாங்கியது உடையவனையே கொல்கிறது.

காட்டுப்பன்றிக்கு வருவோம். பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் தர 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆனால் பன்றி நம்மைத் தாக்க வரவில்லை, கடலையைத் தின்ன வந்தது. அதன் வரவை எதிர்பார்த்து இரவெல்லாம் குறிவைத்துக் காத்திருப்பதை விரோத இம்சை என்று நம்மால் கூற முடியவில்லை. அது சங்கற்பமே. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடத் தமிழக அரசு 2025-இல் முடிவு செய்தபோதும் அப்பணியை வனத்துறையினரிடமே விட்டது. உழவர் கையில் தரவில்லை. வேலி, விளக்கு, ஒலி, இரவுக் காவல் ஆகியவற்றால் முழு இழப்பும் நீங்காது என்பதை அறிவோம். அவ்விழப்பு மெய்யான இழப்பு. பட்டணத்திலிருந்து அறிவுரை கூறுவோர் அதனை இலேசாக எண்ணுதல் கூடாது.

இனி அக்குடும்பத்தார் அறிய வேண்டியது மற்றொன்று. மகன் உரிமம் பெறாவிடில் துப்பாக்கியை நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று தம்பியர் கருதுகின்றனர். இதில்தான் இடர் உள்ளது. குணவிரதங்களுள் ஒன்றாகிய அநர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்து, விலக்க வேண்டிய ஐந்தனுள் இம்சாதானத்தையும் இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறுகின்றது. கோடரி, வாள், நெருப்பு, படைக்கலம் முதலிய கொலைக் கருவிகளைப் பிறருக்கு வழங்குதல் என்பது அதன் பொருள். இரவல் தருவதே குற்றமெனின் விற்பது எங்ஙனம் குற்றமற்றதாகும்? வாங்குவோர் உரிமம் உடையவர் என்பது சட்டத்துக்குப் போதுமானது; விரதத்துக்குப் போதாது.

வழி ஒன்று சட்டத்திலேயே உள்ளது. உரிமம் உடையவர் இறந்துபட்டால் துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். உரிய காலத்துக்குள் எவரும் அதனைத் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விடின், அறிவிப்புக் கொடுத்தபின் அது அரசுடைமையாகும். ஆகவே வணிகரை நாடாது காவல் நிலையத்திலேயே ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, பின்னர் வரும் அறிவிப்புக்கு உரிமை கோரவில்லை என்று உடன்பிறந்தார் அனைவரும் கையொப்பமிட்டு எழுதிக்கொடுக்குமாறு அக்குடும்பத்தாருக்கு மறுமொழி விடுத்துள்ளோம்.