சிரிப்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு

வாப்பா தொலைக்காட்சியில் பழைய கிரிக்கெட் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்துவீச வந்த இங்கிலாந்து வீரரின் பெயர் ரயன் சைட்பொட்டம். 'பொட்டம்' என்றதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஏன் மகள் சிரிக்கிறீங்க? அது அவர்ட வாப்பாட பேர் தானே" என்றார் வாப்பா.

அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் இருக்கவில்லை. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே அவ்வழக்கம் மெல்லப் பரவியது. ஒரே ஊரில் பல ஜோன்கள் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது? தந்தையின் பெயரால் ஜோன்சன், கொல்லுத் தொழிலால் ஸ்மித், தோற்றத்தால் லோங், குன்றருகே வாழ்ந்ததால் ஹில் என அழைத்தார்கள். அவை பின்னர் பரம்பரைப் பெயர்களாயின.

சைட்பொட்டம் இவற்றுள் இறுதி வகை. பழைய ஆங்கிலத்தில் 'சீட்' என்றால் அகன்ற. 'பொட்ம்' என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம். அகன்ற பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் என்பதே இதன் பொருள். வடமேற்கு இங்கிலாந்தின் செஷையர் பகுதியில் தோன்றிய பெயர் இது. முன்பு அயலிலுள்ள லங்காஷயரைச் சேர்ந்திருந்த ராம்ஸ்பொட்டம் என்றே ஓர் ஊர் உண்டு. காட்டுப்பூண்டு வளரும் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் கூறுவோரும் உண்டு. 1982இல் இலங்கை ஆடிய முதலாவது டெஸ்ட் போட்டியில் எதிரணியில் விளையாடிய இயன் பொத்தமின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

உடலின் பின்புறத்தைக் குறிக்கும் பொருள் 'பொட்டம்' என்ற சொல்லுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. பெயர் அப்படியே இருந்தது. கேட்பவர் காதுதான் மாறியது. கேலிக்கு அஞ்சிச் சிலர் 'சிடிபொட்டோம்' என்று உச்சரிக்கவும் தொடங்கினார்கள். ரயனின் தந்தை ஆர்னி 1985இல் இதே பெயருடன் இங்கிலாந்துக்காக ஆடினார். மகனும் அதே பெயருடன் 22 டெஸ்ட் போட்டிகளில் 79 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் தரத்தில், வெளியூர்ப் போட்டியொன்றின் மேடையில் என் பெயரைப் பிழையாக உடைத்து வாசித்தார்கள். சபையே சிரித்தது. என் பெயரோடு வாப்பாவின் பெயரும் சேர்ந்தே உடைந்தது. வாப்பா முன்வரிசையில்தான் இருந்தார். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தோழியரே, ஒரு பெயர் விநோதமாகக் கேட்டால், சிரிக்குமுன் அதன் பொருளைக் கேட்போம். அதற்குள் யாரோ ஒருவரின் ஊர் இருக்கலாம். நிச்சயம் ஒரு வாப்பா இருப்பார்.