பனிமூட்டம் ஏன் ரோஸ் ஆகிறது?

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்தில் தேயிலை பச்சை, அடுத்ததில் பழுப்பு, மூன்றாவதில் பனிமூட்டமே ரோஸ். உடனே கேமராவைத் திட்டுவோம். கோளாறு பெரும்பாலும் வொயிட் பேலன்ஸில், அதாவது ஒளியின் சாயத்தைக் கழிக்கும் அமைப்பில் இருக்கும். அதைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சங்கதிகளிலும் இருக்கும்.

நம்பிக்கை: ஆட்டோவில் விட்டால் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

ஊருக்குள் பார்த்துக்கொள்ளும், தோட்டத்தில் தடுமாறும். ஆட்டோவின் பழைய கணக்கு இதுதான்: ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வர வேண்டும், வராவிட்டால் ஒளியில் சாயம் இருக்கிறது, அதை எடுத்துவிடு. இன்றைய கேமராக்களும் போன்களும் எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் கற்றுவிட்டன. ஆனாலும் ஃபிரேமில் முக்கால்வாசி தேயிலையாக இருக்கும்போது பழைய புத்தி எட்டிப் பார்க்கும். இலையின் பச்சையை ஒளியின் பச்சை என்று நினைத்து, அதற்கு எதிரான மெஜந்தாவை ஏற்றிவிடும். பனிமூட்டத்துக்குச் சொந்த நிறம் இல்லாததால் ரோஸ் அங்கேதான் முதலில் கண்ணில் படும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் செடியில். கொழுந்து, அதாவது இரண்டு இலையும் ஒரு மொட்டும், மஞ்சள் கலந்த இளம்பச்சை. அதன் கீழே முற்றிய இலை கரும்பச்சை. பறிக்கும் பெண்களின் கண் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான். மெஜந்தா ஏறினால் இரண்டும் சேர்ந்து மங்கி, கவாத்து பண்ண வேண்டிய தோட்டம் மாதிரி ஆகிவிடும்.

வெயிலுக்கு டேலைட், மேகத்துக்கு கிளவுடி என்று நீங்களே வைத்துவிடுங்கள். போனில் ப்ரோ மோடில் இந்த வசதி இருக்கும். நிறம் கொஞ்சம் பிசகினாலும் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி பிசகும். ஒன்றைத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கும் போட்டுவிடலாம். ஏற்கெனவே ரோஸ் ஆன படமென்றால், எடிட் செய்யும்போது நீலம்-மஞ்சளை மாற்றும் டெம்பரேச்சரைத் தொடாதீர்கள். பக்கத்திலிருக்கும் டின்ட்டைப் பச்சைப் பக்கம் தள்ளுங்கள். ரோஸைப் போக்குவதாக நினைத்து நீலத்தை ஏற்றி, ஊதாவில் போய் முடிப்பவர்கள்தான் அதிகம்.

நம்பிக்கை: வெள்ளையான ஒன்றை எடிட்டிங் மென்பொருளின் ஐ-டிராப்பரால் தொட்டால் படம் சரியாகிவிடும்.

வெள்ளை என்று நாம் சொல்வதெல்லாம் வெள்ளை இல்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியை எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டுப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் இழை எண்ணிப் போட்ட வேலைப்பாடு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. சலவைச் சோப்பு விளம்பரத்து வெள்ளையல்ல அது, லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளை. அங்கே போய்த் தொட்டால் அந்த மஞ்சளைக் கழிக்க மென்பொருள் படம் முழுக்க நீலத்தை ஏற்றும். சிவப்பு நூல் ஊதாப் பக்கம் சாயும், முகங்கள் வெளிறும். துணியைச் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று அதன் அழகையே கழுவிவிடுகிறோம். அதே ஒளியில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைத் தொடுவதே முறை.

அட்டைக்குப் பதில் வெள்ளைத் தாள் போதாதா? போதாது. காகிதத்தைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருள்கள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில். அந்த வெயிலில் தாளை நம்பினால் படம் மஞ்சள் அடிக்கும்.

நம்பிக்கை: தூரத்து மலை நீலமாக விழுவது பிழை.

அது பிழையே இல்லை. தொட்டபெட்டாவில் நின்று பார்த்தால் அடுக்கடுக்காக நீலம் கூடிக்கொண்டே போவது காற்று செய்யும் வேலை. இடையிலுள்ள காற்று சிவப்பைவிட நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூட அந்தச் சிதறிய ஒளியும் கூடும். இதைப் போக்க டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் தள்ளினால், மலை பழுப்பாவதற்குள் முன்னால் நிற்கும் செடி வாடிவிடும். கிட்டே இருப்பதற்கு நிறத்தைச் சரிசெய்து, தூரத்தை விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: கெல்வின் கூடினால் நிறம் சூடாகும்.

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தை அளக்கும் எண். ஒளியைப் பொறுத்தவரை நேர்மாறு. குண்டு பல்பு சுமார் 2,800, நடுப்பகல் வெயில் 5,500. நீல வானம் மட்டும் ஒளி தரும் நிழலில் 7,000-க்கும் மேல். கேமராவில் 7,500 வைத்தால் படம் மஞ்சளாவது ஏனென்றால், ‘ஒளி நீலம்’ என்று அதனிடம் சொல்கிறீர்கள், அது ஈடுகட்டுகிறது.

நம்பிக்கை: ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

இதை ஊட்டியில் சொல்வது வேடிக்கை. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்தது இங்கேதான். கறுப்பு-வெள்ளையில் தொல்லை இல்லைதான். கலர் ஃபிலிமோ பகலொளிக்கு ஒன்று, 3,200 கெல்வின் விளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்தது. பகலொளி ஃபிலிமை விளக்கொளியில் போட்டவர் லென்ஸில் நீல 80ஏ ஃபில்டர் மாட்டினார். மாட்டாத நம் படங்களை லேப் ஆபரேட்டர் பிரிண்ட் போடும்போது முடிந்தவரை சரிக்கட்டினார். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ரா-வில் எடுத்தால் எதையும் மீட்டுவிடலாம்.

பெருமளவு உண்மை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் வொயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு. ஜேபெக்கில் அது நிறத்தோடு கலந்துபோய்விடும். ஆனால் வெயிலில் சிவப்பு சானல் முழுக்க வெடித்துப்போன புடவையின் மடிப்புகள் ரா-விலும் திரும்பாது. மாலையில் கடை பல்பின் மஞ்சளும் வெளி வானத்தின் நீலமும் கலந்த படத்துக்கு ஒரே எண் கிடையாது. இரண்டையும் தனித்தனியாக மாஸ்க் போட்டுத் திருத்த வேண்டும், அல்லது ஒன்றை அப்படியே விட வேண்டும். பழைய சோடியம் விளக்கு மட்டும் எரியும் தெருவில் நீல ஒளியே ஏறக்குறைய இல்லை. இல்லாததை எந்த ஸ்லைடரும் தராது. அந்தப் படத்தோடு மல்லுக்கட்டாமல் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள்.