ஆங்கிலம் கற்போம்: 'மே', 'மஸ்ட்', 'ஷல்'

தோட்ட அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும், மருந்துப் புட்டியின் மேலும், வேலை ஒப்பந்தத்திலும் சில சிறிய ஆங்கிலச் சொற்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு செயல் நமது விருப்பமா, கடமையா, விலக்கப்பட்டதா என்பதை உணர்த்துபவை அவையே. அவற்றைத் துணைவினைகள் என்பர். இம்மாதம் அவற்றுள் மூன்றைக் கற்போம்.

'மே' என்பது அனுமதியைக் குறிக்கும். 'யூ மே கோ' என்றால், 'நீங்கள் போகலாம்' என்பது பொருள். போவதும் போகாதிருப்பதும் நம் விருப்பம். 'இட் மே ரெயின்' என்னும்போது, 'மழை பெய்யக்கூடும்' என்று பொருள்படும்.

'மஸ்ட்' என்பது கட்டாயத்தைக் குறிக்கும். 'யூ மஸ்ட் வேர் பூட்ஸ்' என்றால், காலணி அணிந்தே ஆகவேண்டும்.

இங்கே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'மஸ்ட்' என்பது 'வேண்டும்' ஆனால், 'மஸ்ட் நாட்' என்பது 'வேண்டியதில்லை' ஆகும் என்று தமிழர் எளிதில் எண்ணிவிடுவர். அது தவறு. 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'நீட் நாட்' என்பர்.

களைக்கொல்லிப் புட்டியில், 'யூ மஸ்ட் நாட் ஈட் வைல் ஸ்பிரேயிங்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 'மருந்து தெளிக்கும்போது உண்ணக் கூடாது' என்பதே அதன் பொருள். 'உண்ண வேண்டியதில்லை' எனக் கொள்பவர், பசித்தால் உண்ணலாம் என்று நினைப்பார். கையில் பட்ட நஞ்சு வாய்க்குள் போய்விடும்.

'ஷல்' என்பது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் 'வேண்டும்' என்னும் கட்டளையாக வரும். தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காண்போம். வேலையை முடித்துக்கொள்ள முதலாளியும் தொழிலாளியும் முன்னறிவிப்புக் கொடுக்கலாம் என்னுமிடத்தில் 'மே' வருகிறது. அதன் கால அளவு இரு தரப்பினருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னுமிடத்தில் 'ஷல்' வருகிறது. ஒப்பந்தத்தில் கால அளவு எழுதப்படாவிடில், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரமும், 2 முதல் 5 ஆண்டுக்குள் எனில் 6 வாரமும், 5 ஆண்டும் அதற்கு மேலும் எனில் 8 வாரமும் குறைந்த அளவாகும். இதற்கும் 'ஷல்' என்றே சட்டம் கூறுகிறது. ஆகவே இது சலுகையன்று, உரிமை.

மற்றொரு விதி: இச்சொற்களுக்குப் பின் வினைச்சொல் மாறாது. 'ஹி மஸ்ட் கோ' என்பதே சரி. 'ஹி மஸ்ட் கோஸ்', 'ஹி மஸ்ட் டு கோ' என்பன பிழை.

பயிற்சி: பின்வருவனவற்றைத் தமிழில் கூறுக.
1. யூ மே சிட்.
2. யூ மஸ்ட் நாட் ஸ்மோக்.
3. யூ நீட் நாட் பே.

விடை: 1. நீங்கள் உட்காரலாம். 2. நீங்கள் புகைபிடிக்கக் கூடாது. 3. நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனி எந்தத் தாளிலும் கையொப்பமிடுமுன் இச்சொற்களைத் தேடிப் பார்ப்போம். நம் பிள்ளைகளையும் உடன் அமர்த்திப் படிப்போம்.