‘ஈஸியா இருக்கணும்’ என்றால் எத்தனை விநாடி?

கேள்வி: பால் கூட்டுறவுச் சங்கங்களுக்காகப் பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, ரசீது அடித்துத் தரும் கருவியைச் செய்யும் சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ‘வேகமா, ஈஸியா, நம்பகமா இருக்கணும்’ என்றார்கள். அதை 40 பக்கத் தேவைப் பட்டியலாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். கருவியைக் கொண்டுபோய் வைத்த பிறகு, ‘நாங்க கேட்டது இது இல்லையே’ என்கிறார்கள். தப்பு எங்கே?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போட்டது யார்? விடியற்காலையில் கேனோடு வரிசையில் நிற்பவர்கள் போட்டிருக்க மாட்டார்கள். பணம் கொடுப்பவரிடம் மட்டும் கேட்டு எழுதினால் அவருடைய ஆசைகள்தான் பட்டியலில் ஏறும். ஆசையைச் சோதித்துப் பார்க்க முடியாது. தேவையைச் சோதிக்க முடிய வேண்டும்.

நாம் எல்லோரும் பட்டன் அமுக்கியிருக்கும் வாக்குப்பதிவு இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். (அதைப் பற்றிய அரசியல் சண்டைக்கு இந்தப் பகுதியில் இடமில்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரம் உருவானதில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.)

‘சாவடியைக் கைப்பற்றிக் கள்ள ஓட்டுப் போடுவதைத் தடுக்க வேண்டும்.’ இப்படி ஒரு வரியைக் கொடுத்தால் எந்த இன்ஜினியரும் விழிப்பார். வாக்குச்சீட்டுக் காலத்தில் ரவுடிகள் கட்டுக்கட்டாகச் சீட்டைப் பிடுங்கி, முத்திரை குத்திப் பெட்டியில் திணித்தார்கள். போலீஸ் வந்து சேரும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரமே அவர்களுக்குப் போதும். அப்படியானால் தடுக்க வேண்டியது அந்த வேகத்தை. நிமிடத்துக்கு 5 வாக்குக்கு மேல் பதிவாகாது என்று இயந்திரத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு வாக்குக்கும் முன்னால் கண்ட்ரோல் யூனிட்டில் அலுவலர் பட்டனை அமுக்கினால்தான் பேலட் யூனிட் உயிர் பெறும். நிலைமை கைமீறினால் ‘குளோஸ்’ பட்டன். அதை அமுக்கிய பிறகு ஓட்டே விழாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். கவனித்தீர்களா, இங்கே மெதுவாக இருப்பதுதான் தேவை! உங்களிடம் ‘வேகமா’ என்றவரிடம் எதற்கு வேகம் என்று கேட்டீர்களா?

மற்ற தேவைகள் இடத்திலிருந்தே வந்தன. சாவடியாகும் பள்ளிக்கூடத்தில் கரண்ட் இருக்கும் என்று நம்ப முடியாது, அதனால் பேட்டரி. எழுத்துத் தெரியாதவரும் பிறர் துணையில்லாமல் போட வேண்டும், அதனால் சின்னத்துக்குப் பக்கத்திலேயே நீல பட்டன்.

இத்தனை யோசித்தும் ஒன்று விடுபட்டது. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முறையாக இயந்திரத்தை வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சட்டத்தில் வாக்குச்சீட்டுதான் இருக்கிறது, இயந்திரம் இல்லை என்று 1984-இல் தீர்ப்பு வந்து, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி திறந்தது. இயந்திரம் பழுதில்லாமல் வேலை செய்தாலும், சட்டம் என்ற தேவை பட்டியலில் இல்லாவிட்டால் கதை அவ்வளவுதான்.

எண்ணுக்கு வருவோம். ஒரு பேலட் யூனிட்டில் 16 பெயர், நான்கைச் சேர்த்தால் 64. அதற்கு மேல் வேட்பாளர் நின்றால் வாக்குச்சீட்டுதான் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். எல்லையைச் சொல்வதோடு, எல்லை தாண்டினால் என்ன செய்வது என்றும் சொன்ன நல்ல தேவை இது. உங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996-இல், சீட்டு முறை இருந்தபோதே, 1,033 பேர் நின்றது நினைவிருக்கும். புத்தகமாக அச்சடித்தார்கள். அதற்குத் தகுந்த பெரிய கருவியை யாரும் செய்யப் போகவில்லை. டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் படித்தவர்களே மறந்துவிடும் விஷயம் இது: சில தேவைகளுக்குக் கருவிக்கு வெளியேதான் விடை. ஆனாலும் பின்னாளில் வந்த எம்3 இயந்திரத்தில் 24 யூனிட் வரை இணைக்கலாம். 2019-இல் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றபோது சாவடிக்கு 12 யூனிட் வைத்துச் சமாளித்தார்கள்.

இப்போது உங்கள் கருவி. காலை வரிசை எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும்? வண்டி வந்து நிற்கும் நேரத்தோடு இதைக் கட்ட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் திரை வேலை செய்யுமா? பாதி வரிசையில் கரண்ட் போனால் அதுவரை ஊற்றிய பாலின் கணக்கு எங்கே? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று: அளவு தவறினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கொழுப்பைப் பொறுத்தே விலை என்பதால், ‘நம்பகம்’ என்று சங்கச் செயலாளர் சொல்வதும் மாடு வைத்திருப்பவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. செயலாளருக்குக் கணக்கு உதைக்கக் கூடாது. மாட்டுக்காரருக்குத் தன் கண்ணெதிரே எண் தெரிய வேண்டும். வாக்குப்பதிவில் காகிதச் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதும் இப்படிப்பட்ட சந்தேகத்துக்கான பதில்தான்.

ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: ஏன், எப்படிச் சோதிப்பது. இரண்டையும் நிரப்ப முடியாத வரியை அடித்துவிடுங்கள். 40 பக்கம் பத்தாகக் குறைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நடக்கிற தகராறுக்கு, அந்தப் பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் காலைக் கொள்முதலின்போது கருவிக்குப் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் வரிசை நிற்கிறது என்று மட்டும் எழுதி வாருங்கள். திருத்தத்துக்கு யார் செலவு செய்வது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.