வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

எட்டாம் வகுப்பில் ‘நுண்ணுயிரிகள்’ பாடம் நடத்தும்போது ஒரு வாக்கியத்தை ஆண்டுதோறும் அழுத்திச் சொல்வேன்: ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை அழிக்கும்; வைரஸை அழிக்காது. முட்டத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள்.

ஒரு மாணவி பல நாள் விடுப்புக்குப் பின் வந்தாள். கடல்தொழில் செய்யும் அவள் அப்பா இன்புளுயன்சா முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். “டீச்சர், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காதுன்னு சொன்னீங்கல்லா? பின்ன அப்பாக்கு ஏன் அத ஏத்துறாங்க? வேண்டாம்னு சொல்லுங்கன்னு அம்மாட்ட சொல்லிட்டேன்.”

எனக்குத் திக்கென்றது. நான் சொன்னது தவறில்லை, ஆனால் பாதிதான். உடனே அவள் அம்மாவிடம் போனில் பேசி, டாக்டர் சொல்வதையே கேட்கச் சொன்னேன்.

மறுநாள் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். இரண்டு பழைய பிரஷ்கள், சாய்த்து வைத்த பலகை, கொஞ்சம் கடற்கரை மணல். ஒரு பிரஷின் நாரை ஒட்ட வெட்டிவிட்டேன். நார் உள்ள பிரஷ் மணலை மேலே தள்ளியது, வெட்டியது தள்ளவில்லை. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள குறுயிழைகள் சளியையும் கிருமிகளையும் இப்படித்தான் மேலே தள்ளுகின்றன. இன்புளுயன்சா வைரஸ் அந்தச் செல்களை அழிக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. “கல்லு சரிஞ்ச தூண்டில் வளைவு மாதிரியா டீச்சர்?” என்றான் ஒருவன். என் பிரஷை விட அது நல்ல உவமை.

1918-இல் பம்பாய் வழியாகப் பரவிய இன்புளுயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்: பெரும்பாலோர் உயிரைப் பறித்தது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவே. அன்று ஆன்டிபயாடிக் கிடையாது. நோய்க்குக் காரணமே ஒரு பாக்டீரியா என்று 1892-இல் ஃபைஃபர் கருதியதும் இந்தக் குழப்பத்தால்தான். நோயாளிகளின் சளியில் அது இருந்ததே! மனிதரைத் தாக்கும் இன்புளுயன்சா வைரஸ் 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பென்சிலின் பற்றிய ஃபிளெமிங்கின் 1929-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஃபைஃபரின் பாக்டீரியா இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

தீவிர சிகிச்சையில் வைரஸுக்கு ஓசெல்டாமிவிர் தனியாகத் தருவார்கள். பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், சளிப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கி, முடிவு வந்தபின் மாற்றுவார்கள் அல்லது நிறுத்துவார்கள். சாதாரண சளிக்காய்ச்சலுக்கு நாமே கடையில் மாத்திரை வாங்குவது வேறு விஷயம். அதில் என் பழைய வாக்கியம் அப்படியே நிற்கிறது. காய்ச்சல் குறைந்து, ஓரிரு நாளில் திரும்ப ஏறி, மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

அவள் அப்பா பிழைத்து வந்தார். ஆனால் இரண்டு மாதம் கடலுக்குப் போகவில்லை. இப்போது அலகுத் தேர்வில், “வைரஸ் காய்ச்சல் நோயாளிக்கு மருத்துவர் எப்போது ஆன்டிபயாடிக் தருவார்?” என்று ஒரு கேள்வி வைக்கிறேன்.