செங் பிள்ளைகளுக்கு: மனம் சோரும் நாள்களில்

தோட்டத்து லயங்களை விட்டு மலாக்காவின் செங், குருபோங், பத்து பெரண்டாம் தாமான்களுக்குக் குடிவந்து தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "மனசு சரியில்ல ஆண்ட்டி, ஆனா மருந்து மட்டும் வேணாம்" என்று என்னிடம் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2019-இல் மலேசியாவில் பெரியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2.3 விழுக்காடு. 2023 தேசிய சுகாதார ஆய்வில் அது 4.6 விழுக்காடு. உங்களுக்கு மட்டும் வந்த கேடு இல்லை இது.

1. முதலில் அளந்து பாருங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டினால் போதும். கடந்த இரண்டு வாரத் தூக்கம், பசி, ஆர்வம் பற்றி ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. 5 முதல் 9 வரை புள்ளி வந்தால் லேசான சோர்வு. இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இரத்தச்சோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வு மாதிரியே ஆளை முடக்கிப் போடும்.

2. லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. சோர்வு முற்றினால் அந்தப் பேச்சு செல்லாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

3. ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். சோர்ந்தவர் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்: பந்து விளையாட்டு, சமையல், கூட்டாளிகள். விட்டதால் சந்தோஷம் தர எதுவும் மிஞ்சுவதில்லை, சோர்வு இன்னும் இறுகுகிறது. கோவாவில் டாக்டர் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விட்ட காரியங்களை நோயாளிகள் மறுபடி தொடங்கும்படி செய்தார்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள்தான். கடுமையான சோர்வு உள்ளவர்களிலும் பலர் தேறினார்கள். 2017-இல் லான்செட் இதழில் அது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கலண்டரில் நாளுக்கு இரண்டு சின்னக் காரியம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு என்பதும் இருக்க வேண்டும். "உடற்பயிற்சி செய்வேன்" என்று எழுதினால் செய்ய மாட்டீர்கள். "புதன் மாலை ஐந்தரை, தம்பியோடு தாமானைச் சுற்றி இருபது நிமிடம்" என்று எழுதினால் கால் தானாக இறங்கும். மனம் வராவிட்டாலும் போங்கள். திரும்பி வந்து, போகுமுன் மனம் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று பத்துக்கு மார்க் போடுங்கள். இரண்டு வாரத்தில் எது உதவுகிறது என்று அந்தத் தாளே காட்டும்.

தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கூலி வாழ்க்கையை நான் புகழவில்லை, அதில் நொந்தவர்கள் ஏராளம். ஆனாலும் குறித்த நேரம் இருந்தது, பைப்படியில் "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்க நாலு பேரும் அங்கே இருந்தார்கள். தாமானில் கதவைப் பூட்டினால் கேட்க ஆளில்லை. அதனால்தான் "யாரோடு" என்பதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

4. நைட் ஷிப்டு பார்ப்பவர்கள், தூங்கும் அறை ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். எழுந்ததும் வெளியே வெயிலில் நில்லுங்கள். கோப்பி ஷிப்டின் முதல் பாதியோடு சரி.

5. பீரும் சம்சுவும் வேண்டாம். தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் இன்னும் கீழே தள்ளும்.

6. மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குப் போகிறீர்கள்தானே? கும்பிட்டதும் திரும்பிவிடாமல் அன்னதானத்தில் தண்ணீர் ஊற்ற, இலை எடுக்க நில்லுங்கள். பிறருக்காகக் கை வேலை செய்யும்போது மனம் தன்னையே குடைவது குறையும். "செய்வினை" என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

7. நாலைந்து வாரம் இவற்றைச் செய்தும் தேறாவிட்டால் கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள். அப்போது டாக்டர் மருந்து சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். மனநல உதவி எண்ணான 15555-க்குப் போன் போடுங்கள், இல்லாவிட்டால் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டியதில்லை. தனியாகப் போக முடியாதென்றால் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பிக் கூட்டிப் போங்கள், நடுராத்திரியானாலும் சரி.